இரண்டு மாத இருமல்: காசநோயாளிகள் ஏன் தாமதமாக வருகிறார்கள்?

நுரையீரல் காசநோய் வந்த ஒருவருக்கு இருமல் தொடங்கிய நாளிலிருந்து, அது இன்ன நோய் என்று தெரிந்து சிகிச்சைக்கு வந்து சேரும் நாள் வரை, தென்னிந்தியாவில் சுமார் இரண்டு மாதம் ஓடிவிடுகிறது. சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) 2002இல் வெளியிட்ட ஆய்வு இதை நாள்கணக்கில் அளந்தது. சளியில் கிருமி உறுதிசெய்யப்பட்ட 531 புதிய நோயாளிகளிடம் விசாரித்தபோது, மொத்தத் தாமதத்தின் இடைநிலை அளவு 60 நாள் என்று தெரிந்தது. அறிகுறி தெரிந்த பிறகு முதல்முறையாக ஒரு மருத்துவரிடம் போக நோயாளி எடுத்துக்கொண்டது 20 நாள். மருத்துவரிடம் போன பிறகு நோய் கண்டறியப்பட ஆனது 23 நாள். இவை இடைநிலை அளவுகள் என்பதால் கூட்டினால் 60 வராது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். நோயாளி வீட்டில் கழித்த நாட்களைவிட, மருத்துவத்தின் வாசலுக்குள் வந்த பிறகு கழித்த நாட்கள் குறைவில்லை.

இந்தியாவின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான மதிப்பீடும் இதையே சொல்கிறது. நோயாளியின் தாமதம் சுமார் 18 நாள், மருத்துவத் தரப்பின் தாமதம் சுமார் 31 நாள், மொத்தம் சுமார் 55 நாள். நோய் தெரிய வருவதற்குள் ஒரு நோயாளி சராசரியாக 2.7 மருத்துவர்களையோ மருத்துவம் பார்ப்பவர்களையோ பார்த்துவிடுகிறார். ஆகவே காசநோயாளி ஏன் தாமதமாக வருகிறார் என்ற கேள்வியில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. அவர் ஏன் உடனே கிளம்பவில்லை? கிளம்பியவர் ஏன் உடனே போய்ச் சேரவில்லை?

மெதுவாக வரும் நோய்

முதல் கேள்விக்கான பதிலில் பாதி அந்தக் கிருமியிடமே இருக்கிறது. சாதாரண பாக்டீரியாக்கள் சில அரைமணி நேரத்துக்குள் ஒன்று இரண்டாகப் பெருகிவிடும். காசநோய்க் கிருமி ஒருமுறை பெருகுவதற்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. அதனால் நோய் திடீரென்று படுக்கவைப்பதில்லை. முதலில் வறட்டு இருமல், பிறகு சளி. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும், காலையில் தணிந்துவிடும். இரவில் வியர்க்கும், சோறு செல்லாது, சட்டை தொளதொளக்கும். இதில் எதுவும் தனியாகப் பார்த்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடவைக்கும் அளவுக்குப் பயமுறுத்துவதில்லை. நேற்றைவிட இன்று மோசம் என்று சொல்லக்கூடிய ஒரு நாள் வருவதே இல்லை. போன தீபாவளிக்கு இருந்த உடம்பு இப்போது இல்லை என்று பார்த்தவர்கள் சொல்லும்போதுதான் உறைக்கிறது.

இருமலோடு ரத்தம் வந்தால் யாரும் காத்திருப்பதில்லை. ஆனால் எல்லாக் காசநோயாளிக்கும் ரத்தம் வருவதில்லை. சினிமாவில் கைக்குட்டையில் சிவப்பைக் காட்டிக் காட்டி, ரத்தம் வந்தால்தான் டி.பி. என்ற எண்ணம் மக்கள் மனதில் ஊறிவிட்டது. ரத்தம் வராத இருமல் வெறும் சளியாகவே கருதப்படுகிறது.

தேசிய அளவில் 2019 முதல் 2021 வரை நடந்த காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பில் இதற்குச் சான்று கிடைத்தது. காசநோயின் அறிகுறிகள் இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவ உதவியையும் நாடியிருக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு அவர்களில் 68 சதவீதம் பேர் அறிகுறிகளைப் பொருட்படுத்தவில்லை என்றார்கள். 18 சதவீதம் பேருக்கு அது காசநோயின் அறிகுறி என்று தெரியவில்லை. 12 சதவீதம் பேர் தாங்களே மருந்து வாங்கிச் சாப்பிட்டார்கள். பணமில்லாததால் போகவில்லை என்றவர்கள் 2 சதவீதம்தான். அதே கணக்கெடுப்பில் கண்டறியப்பட்ட நோயாளிகளில் சுமார் 43 சதவீதம் பேர், மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் விசாரித்திருந்தால் தப்பிப் போயிருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான அறிகுறியே இல்லை.

சாரல், பீடி, சுகர்

தென்காசி வட்டாரத்தையே எடுத்துக்கொண்டால், இருமலுக்குக் காரணம் சொல்ல ஆளுக்கொன்று கிடைக்கும். 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. ஜூன் பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று சாரலைக் கொண்டுவரும். குற்றாலத்தில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் விழத் தொடங்கினால் செப்டம்பர் வரை சீசன். குளிர்காற்றும் ஈரமும் சேர்ந்து அந்த மாதங்களில் பாதி ஊர் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் தொடங்கும் இருமலை யாரும் சந்தேகப்படுவதில்லை. "சாரக் காத்து ஒத்துக்கிடல", "அருவியில தல நனச்சதுல தடுமன் பிடிச்சிருக்கு" என்ற விளக்கம் தயாராக இருக்கிறது. சாரல் முடிந்தும் இருமல் நிற்காவிட்டால், அடுத்து ஐப்பசி கார்த்திகை மழை வந்துவிடும், பிறகு மார்கழிப் பனி.

அருவியில் குளித்தால் மூலிகைத் தண்ணீரில் உடம்பு தேறும் என்ற நம்பிக்கையும் இந்த ஊருக்குப் பழையது. எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது உடம்பு வலிக்கும் அசதிக்கும் சுகமாக இருக்கலாம். நுரையீரலில் குடியிருக்கும் கிருமிக்கு அது எட்டாது.

பீடி இன்னொரு மறைப்பு. ஆலங்குளம், கடையம், பொட்டல்புதூர், தென்காசி என்று இந்த வட்டாரம் முழுக்க வீட்டுத் திண்ணையில் நடக்கும் தொழில் பீடி சுற்றுவது. செய்வோர் பெரும்பாலும் பெண்கள். ஊறவைத்த இலையைக் கத்தரியால் அளவுக்கு வெட்டி, சுளகை மடியில் வைத்துக்கொண்டு, தூளை இலையில் கிள்ளிவைத்து உருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டி முடிப்பது சில நொடி வேலை. ஆனால் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. ஆகவே குனிந்த தலை நிமிராமல் நாள் முழுக்க உட்கார வேண்டியிருக்கிறது. சுளகிலிருந்து எழும் புகையிலைத் தூசி முகத்துக்கு நேரே இருக்கிறது. தும்மலும் இருமலும் தொண்டைக் கமறலும் இந்தத் தொழிலில் சகஜம். பத்து வருடமாக இருமிக்கொண்டிருப்பவர், இந்த இருமல் வேறு இருமல் என்று எப்படிப் பிரித்தறிவார்?

பீடி குடிக்கும் ஆண்களின் கதையும் அதேதான். "பீடி இருமல்" என்று அவர்களே பெயர் வைத்துவிடுகிறார்கள். ஆனால் புகைக்கும் காசநோய்க்கும் உள்ள உறவு வெறும் மறைப்போடு நிற்பதில்லை. தமிழ்நாட்டில் சுமார் 43,000 ஆண்களின் இறப்பை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வில், புகைபிடிக்கும் ஆண்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைக்காதவர்களைப்போல் சுமார் நான்கு மடங்கு என்று தெரியவந்தது. இருமலை அலட்சியப்படுத்த வைக்கும் அதே பழக்கம், அந்த இருமலை ஆபத்தானதாகவும் ஆக்குகிறது.

மூன்றாவது மறைப்பு சர்க்கரை நோய். எடை குறைவது, அசதி, இரவில் தூக்கம் கெடுவது எல்லாவற்றுக்கும் "சுகர் ஆளை இறக்குது" என்ற ஒரே பதில் போதுமானதாக இருக்கிறது. சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். அவர் மாதாமாதம் மாத்திரை வாங்க மருத்துவமனைக்குப் போகிறவரும்கூட. அந்த வரிசையில் நிற்கும்போதே இருமலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும், பல வாரங்கள் மிச்சமாகும்.

நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோயில் தாமதம் இன்னும் கூடும். இந்தியக் காசநோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேருக்கு நோய் கழுத்துக் கட்டியாகவோ, முதுகெலும்பிலோ, வயிற்றிலோ, நுரையீரல் உறையிலோ வருகிறது. இருமல் இல்லாததால் டி.பி. என்ற நினைப்பே எழுவதில்லை. முதுகுவலிக்குத் தைலம் தடவிக்கொண்டே மாதங்கள் போய்விடும்.

கூலி போகும் கவலை

அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்குக் காசு இல்லை. ஆனால் அங்கே போய்வரும் நாளுக்கு விலை உண்டு. குற்றாலத்தில் சீசனை நம்பிக் கடை போடுபவர், எண்ணெய் தேய்த்துவிடுபவர், ஆட்டோ ஓட்டுபவர், விடுதியில் வேலை பார்ப்பவர் ஆகியோருக்கு மூன்று நான்கு மாதச் சம்பாத்தியம்தான் வருடத்தின் பெரும்பகுதியை ஓட்டுகிறது. தண்ணீர் விழும் நாளில் ஒருநாள் வேலையை விடுவது அவர்களுக்குச் சின்ன விஷயமில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள், கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கம் தறியில் வேலை செய்பவர்கள், பீடி சுற்றுபவர்கள் எல்லோரும் அன்றாடக் கூலிக்காரர்கள். மருத்துவ விடுப்பு என்று ஒன்று அவர்களுக்குக் கிடையாது. சீசன் முடியட்டும், அறுப்பு முடியட்டும், திருவிழா கழியட்டும் என்று தள்ளிப்போடுவது அறியாமையால் மட்டும் வருவதில்லை. அடுப்பு எரிய வேண்டிய கட்டாயத்தால் வருவது.

தூரமும் சேர்ந்துகொள்கிறது. 2002ஆம் ஆண்டு ஆய்வில் நோயாளியின் தாமதத்தோடு தொடர்புடையவையாகத் தெரிந்த காரணங்களில் இரண்டு இவை. மருத்துவ வசதி இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது ஒன்று, குடிப்பழக்கம் மற்றொன்று. குடிப்பவர் உடம்பு மெலிவதைச் சுற்றியுள்ளவர்கள் குடியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இருமலைக் காட்டப் போனால் முதலில் குடியைப் பற்றித்தான் பேச்சு விழும் என்று அவரும் ஒதுங்கிக்கொள்கிறார்.

வெளியூர் பிழைப்பு இன்னொரு சிக்கல். இந்த மாவட்டத்திலிருந்து செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்கும், திருப்பூருக்கும், சென்னைக்கும், மும்பைக்கும் வேலைக்குப் போவது தலைமுறைகளாக நடப்பது. நெருக்கமான அறையில் நாலைந்து பேரோடு தங்கியிருப்பவருக்கு இருமல் வந்தால், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கே தள்ளுவார். ஊருக்கு வந்தால் நாலு நாள் லீவில் எங்கே பார்ப்பது என்று வேலை செய்யும் இடத்துக்குத் தள்ளுவார். இரண்டு ஊருக்கும் நடுவே நோய் முற்றிக்கொண்டிருக்கும்.

வெளியே தெரிந்தால்?

சந்தேகம் வந்த பிறகும் சிலர் பரிசோதனைக்குப் போவதில்லை. தெரிந்துவிடுமே என்ற பயம்தான் காரணம். காசநோய் பரம்பரையாக வரும் என்ற தவறான நம்பிக்கை இன்னும் போகவில்லை. அதனால் ஒருவருக்கு நோய் என்றால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தகைவது கஷ்டம் என்று குடும்பமே வாயை மூடிக்கொள்கிறது. மருமகளுக்கு வந்தால், உடம்பு தேறும் வரை அம்மா வீட்டில் இருக்கட்டும் என்று அனுப்பிவைப்பதும், அந்த 'தேறும் வரை' நீண்டுகொண்டே போவதும் உண்டு. தட்டையும் டம்ளரையும் தனியே வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. காசநோய் தட்டாலோ துணியாலோ பரவுவதில்லை. சிகிச்சை பெறாத நுரையீரல் காசநோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளிகளால்தான் பரவுகிறது. சரியான மருந்தைத் தொடங்கிச் சில வாரங்களில் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். தட்டை ஒதுக்குவதால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. நோயாளிக்கு அவமானம் மட்டும் மிச்சம்.

இந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. மருந்து இல்லாத காலத்தில் காசநோய் என்றால் ஊரைவிட்டு விலக்கிவைப்பதுதான் வைத்தியம். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் சென்னைக்கு அருகே தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் காற்றையும் ஓய்வையும் ஊட்டத்தையும் நம்பி நடந்தது. அந்தப் பெயர் இன்றும் ரயில் நிலையத்தின் பெயராக நிற்கிறது. திருநெல்வேலிச் சீமையின் பேச்சை எழுத்துக்குக் கொண்டுவந்த புதுமைப்பித்தன் காசநோய்க்குப் பலியானது 1948இல், நாற்பது சொச்சம் வயதில். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டு ஐந்தாண்டு ஆகியிருந்தாலும் சாமானியர்களுக்கு அது எட்டாத காலம். 1961இல் வந்த 'பாலும் பழமும்' படத்தில் நாயகி தனக்குக் காசநோய் வந்த பிறகு கணவனைவிட்டு வெளியேறுவாள். நோய் வந்தவர் விலகிப் போவதே பண்பு என்று ஒரு தலைமுறை அழுதுகொண்டே பார்த்தது.

அந்தப் படம் வருவதற்கு முன்பே மருத்துவம் மாறிவிட்டிருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956இல் சென்னையில் தொடங்கிய மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறுபகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. நெருக்கடியான வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்கச் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. விலக்கிவைக்கத் தேவையில்லை என்று தமிழ்நாடுதான் உலகுக்கு நிரூபித்துக் காட்டியது. அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்தச் செய்தி தமிழ்நாட்டின் தெருக்களுக்கு முழுதாக வந்துசேரவில்லை.

வாசலுக்குள் நடக்கும் தாமதம்

இரண்டாவது கேள்விக்கு வரலாம். கிளம்பியவர் ஏன் போய்ச் சேரவில்லை?

இருமல் வந்தவர் முதலில் போவது மெடிக்கல் ஷாப்புக்கு. ஒரு சிரப், நாலு மாத்திரை. குறையாவிட்டால் பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஒரு ஊசி, ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக். ஒரு வாரம் தேவலை போலிருக்கும், மறுபடி இருமல். "அந்த டாக்டர் கைராசி இல்ல" என்று அடுத்த டாக்டர். அவர் முந்தைய சீட்டைக் கேட்பதில்லை; இவரும் எடுத்துப் போவதில்லை. அங்கேயும் முதலிலிருந்து சிரப். நடுவில் சித்த வைத்தியம், நாட்டு மருந்து. எக்ஸ்ரே எடுத்து, சந்தேகம் வந்து, சளியைச் சோதிக்கச் சொல்வதற்குள் கையிலிருந்த பணம் கரைந்திருக்கும். இலவசச் சிகிச்சை வாசலுக்கு வரும்போதே நோயாளி கடனோடு வருகிறார். சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையம் 1999இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், காசநோய் வந்த குடும்பங்களில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் 11 சதவீதம் பேர் படிப்பை நிறுத்தியிருந்தார்கள்.

சில மருந்துகள் நோயை மூடி மறைக்கவும் செய்யும். சளிக்காகத் தாராளமாகக் கொடுக்கப்படும் லெவோஃபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு தாக்கக்கூடியவை. நாலு நாளில் காய்ச்சல் குறையும், பசி எடுக்கும். நோயாளியும் மருத்துவரும் நிம்மதி அடைவார்கள். கிருமி சாகாது, அடங்கியிருந்து மீண்டும் தலைதூக்கும். அதற்குள் சில வாரம் போயிருக்கும். மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும் வாய்ப்பும் கூடியிருக்கும். ஸ்டீராய்டு ஊசியும் இதே மாதிரி பொய்யான சுகத்தைத் தரும்.

தனியார் மருத்துவர்களை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் நடந்து, 1963இல் வெளியான ஆய்வு இன்றும் பேசப்படுவது. கிராமத்து ஏழைக்குக் காசநோயைப் பற்றி விழிப்புணர்வு இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. விசாரித்துப் பார்த்தால், நோயாளிகளில் பெரும்பாலோர் தங்கள் அறிகுறிகளை உணர்ந்திருந்தார்கள். சுமார் பாதிப் பேர் அரசு மருத்துவ நிலையத்துக்கே போயிருந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பாட்டில் இருமல் மருந்து. சளியை யாரும் சோதிக்கவில்லை. அவர்கள் வரவில்லை என்று நாடு சொல்லிக்கொண்டிருந்தது; அவர்கள் வந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள். ஆய்வு அச்சில் வரும் முன்பே தெரிந்துவிட்ட இந்த உண்மையின் மீதுதான் 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் பொது மருத்துவமனைகளிலேயே சளிப் பரிசோதனையை வைக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தது.

விதிகளும் பின்னர் மாறின. மூன்று வாரத்துக்கு மேல் இருமல் என்றால்தான் சளிப் பரிசோதனை என்றிருந்ததை 2009இல் இரண்டு வாரமாகக் குறைத்தார்கள். 2012 மே மாதம் முதல் எந்த மருத்துவர் காசநோயைக் கண்டறிந்தாலும் அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். நம்பத்தகாத ரத்தப் பரிசோதனைகள் அதே ஆண்டு தடைசெய்யப்பட்டன. 2014 முதல் காசநோய் மருந்துகளை மருந்துக்கடைக்காரர்கள் பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும்.

தாமதத்தின் விலை

சிகிச்சை பெறாத நுரையீரல் காசநோயாளி ஒருவர், நெருங்கிப் பழகுவோரில் ஆண்டுக்கு 5 முதல் 15 பேர் வரை கிருமியைத் தொற்றவைக்கக்கூடும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. தொற்றியவர் எல்லோருக்கும் நோய் வராது. வாழ்நாளில் நூற்றில் 5 முதல் 10 பேருக்கு வரும். அந்தச் சிலரில் ஒருவர் அதே வீட்டுக் குழந்தையாகவோ வயதானவராகவோ இருக்கக்கூடும். இருமல் தொடங்கியதிலிருந்து மருந்து தொடங்கும் வரையிலான இரண்டு மாதம்தான் நோய் பரவும் காலமும்.

நோயாளிக்கும் அது உயிர்ப் பிரச்சினை. காசநோய் இறப்புகளில் பெரும்பாலானவை சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நேர்கின்றன. மருந்து தோற்பதால் அவை நேர்வதில்லை, மருந்து வேலை செய்ய அவகாசம் இல்லாத நிலையில் நோயாளி வருவதால் நேர்கின்றன. இதை உணர்ந்து 2022 ஏப்ரலில் தமிழக அரசும் சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது 'தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்'. நோய் கண்டறிந்தவுடன் உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்ற ஐந்தையும் செவிலியரோ களப்பணியாளரோ பார்த்துவிடுகிறார். நிலை மோசம் என்றால் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். ஆய்வுக்கூடமோ பெரிய கருவியோ தேவைப்படாத இந்த முறை, தாமதமாக வருபவர்களையும் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு.

எப்படிக் குறைப்பது?

தாமதத்துக்குக் காரணம் பல இடங்களில் சிதறிக் கிடப்பதால் தீர்வும் ஒரே இடத்தில் இல்லை. விளம்பரப் பலகை ஒன்று நோயாளியை வீட்டிலிருந்து கிளப்பலாம். மருந்துக்கடையில் சிரப் வாங்கிக்கொண்டு திரும்புவதை அது தடுக்காது. மெடிக்கல் ஷாப்காரர் மூன்றாவது முறையாக இருமல் மருந்து கேட்பவரிடம் எத்தனை நாளாக என்று விசாரிப்பதும், கிளினிக் மருத்துவர் இரண்டாவது ஆன்டிபயாடிக் எழுதும் முன் சளியைச் சோதிக்கச் சொல்வதும் எந்தச் செலவும் இல்லாத காரியங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருபவர் இருமலைப் பற்றியும் கேட்க முடியும். பீடி இலையும் தூளும் வாங்க வாரந்தோறும் பெண்கள் கூடும் பீடிக்கடைகள், தறிக்கூடங்கள், சீசன் முடிந்த பிறகான குற்றாலத்துக் கடைத்தெரு ஆகிய இடங்களுக்கு எக்ஸ்ரே வண்டியே போவது, கூலியை விட முடியாதவர்களுக்கு உதவும். அறிகுறி இல்லாத நோயாளிகளைப் பிடிக்கவும் எக்ஸ்ரேதான் நல்ல வழி.

பரிசோதனை இப்போது எளிதாகிவிட்டது. முன்பு நுண்ணோக்கியில் கண் வலிக்கத் தேடிய கிருமியை, சிபிநாட், ட்ரூநாட் போன்ற மூலக்கூறுப் பரிசோதனைகள் சுமார் இரண்டு மணி நேரத்தில் காட்டிவிடுகின்றன. ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சொல்லிவிடுகின்றன. ஆனால் எந்திரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் டப்பாவில் வருவது எச்சிலாக இருந்தால் பயனில்லை. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் மற்றவர்களைவிட்டுத் தள்ளி நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு, அடிநெஞ்சிலிருந்து இருமிக் கொண்டுவரும் கெட்டியான சளிதான் வேண்டும். இதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்காததால் 'ஒன்றுமில்லை' என்ற முடிவோடு திரும்பி, மறுபடி ஒரு மாதத்தை இழந்தவர்கள் உண்டு.

நோய் உறுதியானால் ஆறு மாதம் மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. சத்துணவுக்காக நிக்ஷய் போஷண் திட்டத்தில் மாதம் 500 ரூபாய் கொடுக்கப்பட்டது. 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. வீட்டில் உள்ள மற்றவர்களையும் சோதித்து, தேவையானவர்களுக்குத் தடுப்பு மருந்தும் தருகிறார்கள்.

இரண்டு வாரம் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, இரவு வியர்வை, கழுத்தில் கட்டி: இவற்றில் ஒன்று இருந்தாலும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தென்காசி மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலோ காசநோய்ப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். மருத்துவர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே கேட்கலாம். சந்தேகம் கேட்க 1800 11 6666 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. சாரல் காற்றோ, பீடித் தூசியோ, சுகரோ, காரணம் எதுவாகத் தோன்றினாலும் சளியைச் சோதித்துப் பார்த்த பிறகு அதை முடிவு செய்துகொள்ளலாம்.